வீட்டு ஆர்கேடு பெட்டியில் நாலு பேர் சேர்ந்து ஆட என்னென்ன வேண்டும்?

'முஸ்தபா' என்று சொன்னால் 90களில் வீடியோ கேம் கடைக்குப் போனவர்களுக்கு உடனே புரியும். விளையாட்டின் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று அதில் நாலு பாத்திரங்கள். அந்தக் கடைகளில் நின்று ஆடிய ஆர்கேடு பெட்டியை வீட்டில் கட்ட ஆசைப்படுகிற பலர் இந்த விளையாட்டை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்: நாலு ஜாய்ஸ்டிக் வைத்துவிட்டால் ஆளுக்கொரு பாத்திரமாக நாலு பேரும் இறங்கிவிடலாம் என்று. ஆனால் அதில் ஒரே நேரத்தில் 3 பேர்தான் ஆட முடியும். தேர்ந்தெடுக்க நாலு பாத்திரம், ஆடுவதற்கு மூன்று இடம். நாலாவது ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு நல்லதாக வாங்கி மாட்டினாலும், அப்படி ஒன்று இருப்பதே அந்த விளையாட்டுக்குத் தெரியாது.

எத்தனை பேர் ஆடலாம் என்பதை முதலில் முடிவு செய்வது விளையாட்டு. அப்புறம் அந்த விளையாட்டின் உள்ளமைப்பு, அதைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரின் அமைப்பு, கம்பிகளைக் கணினியோடு சேர்க்கும் போர்டு, கடைசியில்தான் ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பொருத்தும் மரப்பலகை. இந்த ஐந்தும் 'நாலு பேர்' என்று ஒத்துக்கொண்டால்தான் நாலாவது ஆள் திரையில் நடப்பான். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்கு வந்துவிடாது, நடுவில் இருக்கிற மதகெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதுவும் அப்படித்தான். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறோம். முதலில் ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அறுத்துவிட்டு, பிறகு விளையாட்டைத் தேடுகிறோம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ கோடை விடுமுறைக்கோ வீடு நிறைந்துவிடும். அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் கூடுகிற இடத்தில் இரண்டு பேர் ஆடும் பெட்டி இருந்தால், இரண்டு பேர் ஆட மற்றவர்கள் முறைக்காக நிற்பார்கள். அதுவும் சண்டை விளையாட்டு என்றால் கைதேர்ந்தவனே கடைசிவரை ஆடுவான், சின்னவர்கள் தோற்றுத் தோற்று எழுந்து போய்விடுவார்கள். நாலு பேர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. நாலு பேரும் ஒரே பக்கம், எதிரிகள் எதிர்ப்பக்கம். ஆறு வயதுக் குழந்தையும் பட்டனைத் தட்டிக்கொண்டு பதினாறு வயது அண்ணனோடு கடைசிக் கட்டம்வரை போக முடியும். இதற்காகவே நாலு பேர் பெட்டி கட்டலாம் என்பேன்.

முதலில் விளையாட்டு

பழைய ஆர்கேடு விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். அதில் பேர்பெற்றது மேம். 1997-ல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கியது, இன்றும் பலர் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். அசல் பெட்டிக்குள் இருந்த சிப்புகளில் பதிந்திருந்த தகவலின் நகலை ரோம் என்கிறோம். மேம் அந்தப் பழைய சர்க்யூட் போர்டு போலவே நடந்துகொண்டு, அந்த ரோமை ஓட்டுகிறது. இந்த 'போலவே' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் போர்டில் இருந்த எல்லா வரம்பும் உங்கள் வீட்டுக்கும் அப்படியே வந்துசேரும்.

அந்த வரம்புகளில் முக்கியமானது 1985-ல் ஜப்பானில் வந்த ஜாமா என்ற இணைப்புத் தரம். ஒரு பெட்டியில் ஒரு விளையாட்டின் போர்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றைச் செருகுவதற்காக, 56 முனைகள் கொண்ட ஒரே மாதிரி இணைப்பு. கடைக்காரர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்த 56 முனைகளில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவது, நாலாவது ஆளுக்குத் தனிக் கம்பிக்கட்டு வேண்டும், அகலமான பெட்டியும் வேண்டும். அதனால் கோனாமி போன்ற நிறுவனங்கள் ஒரே விளையாட்டை இரண்டு விதமாக விற்றன: பெரிய பெட்டிக்கு நாலு பேர் பதிப்பு, ஏற்கெனவே கடையில் இருக்கும் சாதாரணப் பெட்டிக்கு இரண்டு பேர் பதிப்பு.

இன்று வீட்டில் பெட்டி கட்டுபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ் (1989), தி சிம்ப்சன்ஸ் (1991), சன்செட் ரைடர்ஸ் (1991) மூன்றுக்கும் இரண்டு பேர் பதிப்பும் நாலு பேர் பதிப்பும் தனித்தனியாக உண்டு. எக்ஸ்-மென் (1992) விளையாட்டுக்கு இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த 6 பேர் பெட்டிகூட இருந்தது. மேமின் பட்டியலில் விளையாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே '4 பிளேயர்ஸ்', '2 பிளேயர்ஸ்' என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத் திறந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. இரண்டு பேர் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாவது ஜாய்ஸ்டிக்கின் கம்பியைச் சோதித்தால் விடியவிடியச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது.

இரண்டு பதிப்புகளும் ஆடும் விதத்திலும் மாறுபடும். டர்டில்ஸ், சிம்ப்சன்ஸ் இரண்டிலும் இரண்டு பேர் பதிப்பில் யார் எந்தப் பாத்திரம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நாலு பேர் பதிப்பில் நிற்கும் இடமே பாத்திரத்தைத் தீர்மானித்துவிடும். ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கும் ஓர் ஆமைக்கு, அல்லது சிம்ப்சன் குடும்பத்தில் ஒருவருக்கு என்று கட்டப்பட்டது. பிள்ளைகள் 'எனக்கு பார்ட்தான் வேணும்' என்று அடம்பிடித்தால் இடம் மாறி நிற்பதைத் தவிர வழியில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

கேப்டன் கமாண்டோ (கேப்காம், 1991) வேறு வழியில் போகிறது. அதில் எத்தனை பேர் ஆடலாம் என்பதை போர்டில் இருந்த டிப் சுவிட்ச் தீர்மானிக்கும். டிப் சுவிட்ச் என்பது கடைக்காரர் விலை, உயிர்கள், கடினம் போன்றவற்றை மாற்றப் பயன்படுத்திய குட்டிக் குட்டி சுவிட்சுகளின் வரிசை. மேமில் விளையாட்டை ஓடவிட்டு டேப் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் அந்த சுவிட்சுகளைக் காணலாம். 4 பேர் என்று மாற்றிவிட்டு விளையாட்டை மறுபடி தொடங்க வேண்டும். டிப் சுவிட்ச் இல்லாத விளையாட்டுகளுக்குக் கடைக்காரருக்கான தனித் திரை உண்டு. மேமில் வழக்கமாக எஃப்2 விசை அதைத் திறக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் காண்ட்லெட் என்பேன். அடாரி கேம்ஸ் 1985-ல் வெளியிட்டது. நாலு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடுவதைக் கடைகளில் பெரிய அளவில் பழக்கப்படுத்திய விளையாட்டு அது. வாரியர், வால்கைரி, விசர்ட், எல்ஃப் என்று நாலு பேர், நாலு நிறம். யார் எப்போது வேண்டுமானாலும் நடுவில் சேரலாம். நாலு பேரும் ஒரே திரைக்குள் இருந்தாக வேண்டும் என்பதால் ஒருவன் மட்டும் முன்னால் ஓடிவிட முடியாது, மற்றவர்கள் வந்துசேரும்வரை நிற்கத்தான் வேண்டும். கூட்டாக ஆடுவது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் அதில் தானாகவே கற்றுக்கொள்வார்கள். போட்டி வேண்டும் என்கிற பெரிய பிள்ளைகளுக்கு என்பிஏ ஜாம் (மிட்வே, 1993). இரண்டுக்கு இரண்டு பேர் கூடைப்பந்து.

ரோம் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டுகளுக்கு இன்றும் உரிமையாளர்கள் உண்டு, கண்ட இடத்தில் இறக்கிக்கொள்வது சட்டப்படி சரியில்லை. காசு கொடுத்து வாங்கவும் வழி இருக்கிறது. கேப்டன் கமாண்டோ உள்ள கேப்காமின் பீட் எம் அப் பண்டில் தொகுப்பு 2018-லும், டர்டில்ஸ் ஆர்கேடு விளையாட்டுகள் உள்ள கோவபங்கா கலெக்‌ஷன் 2022-லும் கணினிக்கு வந்தன. இரண்டிலும் நாலு பேர் ஆட்டம் உண்டு. உரிமையாளர்களே இலவசமாக அனுமதித்த சில பழைய விளையாட்டுகளை மேம் குழுவின் இணையதளத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் அவை பெரும்பாலும் ஓரிருவர் ஆடுபவை.

காசு போடும் பட்டன் எத்தனை?

வீட்டுப் பெட்டியில் உண்மையான காசுக்கு வேலையில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் காசு விழுந்ததாக விளையாட்டு நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு பட்டன் எல்லோருக்கும் போதும் என்றுதான் தோன்றும். இரண்டு பேர் விளையாட்டுகளில் பெரும்பாலும் அது போதும்தான். எல்லாக் காசும் ஒரே கணக்கில் சேரும், யார் ஸ்டார்ட் அழுத்துகிறாரோ அவருக்குக் கழியும்.

நாலு பேர் பெட்டிகளில் கதை வேறு. காண்ட்லெட் பெட்டியில் நாலு காசுத் துளைகள் இருந்தன. எந்தத் துளையில் காசு விழுகிறதோ அந்தத் துளைக்குரிய ஆளுக்கு மட்டுமே அது சேரும். அந்த விளையாட்டில் காசுதான் உயிர். உடல்பலம் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே இருக்கும், காசு போட்டால் ஏறும். நாலு பேர் டர்டில்ஸிலும் ஆளுக்கொரு காசுத் துளை. ஆக, உங்கள் பலகையில் ஒரே ஒரு காசு பட்டன் இருந்து, அது முதல் ஆளுடையதாக இருந்தால், மற்ற மூன்று பேரும் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே வர முடியாது. ஜாய்ஸ்டிக் வேலை செய்யும், பட்டன் வேலை செய்யும், கம்பியெல்லாம் சரி, ஆனால் ஆள் திரையில் இல்லை. 'மூணாவது பிளேயர் ஓடவே மாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கும் கேள்வி: அந்த ஆளுக்குக் காசு பட்டன் இருக்கிறதா?

அதனால் ஆளுக்கு ஒரு காசு பட்டன், ஆளுக்கு ஒரு ஸ்டார்ட் பட்டன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சில நாலு பேர் விளையாட்டுகளில் தனி ஸ்டார்ட்டே இருக்காது. காண்ட்லெட்டில் மேஜிக் பட்டன்தான் ஸ்டார்ட். காசு போட்டுவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால், மற்ற பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். காசைப் பொதுக் கணக்காக வைப்பதா ஆளுக்குத் தனியாக வைப்பதா என்று மாற்றும் வசதியும், காசே இல்லாமல் ஆடும் ஃப்ரீ பிளே வசதியும் பல விளையாட்டுகளின் அமைப்பில் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஃப்ரீ பிளே நிம்மதி.

நாற்பது கம்பிகள்

இப்போது கணக்கு. ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு 4 திசை, அதாவது 4 சுவிட்ச். ஆட்ட பட்டன் 4, காசு 1, ஸ்டார்ட் 1. ஆளுக்கு 10, நாலு பேருக்கு 40. முதல் இரண்டு பேருக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்றவற்றுக்காக 6 பட்டன் வைத்தால் 44 ஆகும். மூன்றாவது, நாலாவது ஆளுக்கு 4 பட்டனுக்கு மேல் தேவையே இல்லை. காண்ட்லெட், டர்டில்ஸ், சிம்ப்சன்ஸ், கேப்டன் கமாண்டோ எல்லாவற்றிலும் 2 பட்டன்தான். எக்ஸ்-மென், என்பிஏ ஜாம் இரண்டுக்கும் 3. கேப்காமின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுகளுக்கு 4. அவ்வளவுதான்.

பழைய கீபோர்டைப் பிரித்து அதன் உள்போர்டில் கம்பி பற்றவைத்தால் செலவு மிச்சம் என்று சிலர் யோசிப்பார்கள். இரண்டு பேருக்கே அது சந்தேகம், நாலு பேருக்கு நடக்கவே நடக்காது. நாலு பேரும் சாய்வாக நகர்ந்துகொண்டே அடித்தால் ஆளுக்கு இரண்டு திசையும் ஒரு பட்டனும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும், மொத்தம் 12. சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை தவிர ஒரே நேரத்தில் 6 விசைகளைத்தான் கணினிக்குச் சொல்லும். அதற்கும் முன்பே வேறொரு சிக்கல் வந்துவிடும். கீபோர்டுக்குள் விசைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நாலாவது விசையும் அழுந்தியதுபோலத் தெரியும். அதைத் தடுக்கவே பல கீபோர்டுகள் மூன்றாவது விசையை மறைத்துவிடும். ஆட்டத்தில் இது 'நான் அடிச்சேன், அடிக்கலை' என்ற சண்டையாக வெளிப்படும்.

எனவே பட்டன் அழுந்துவதைக் கணினிக்குச் சொல்ல, இதற்கென்றே செய்த என்கோடர் போர்டு வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆளுக்கு ஒன்றாக, ஜீரோ டிலே என்ற பெயரில் விற்கும் நாலு சின்ன போர்டுகள். ஒவ்வொன்றும் கணினிக்கு ஒரு கேம்பேடாகத் தெரியும். விலை குறைவு, பட்டன் கம்பிகள் செருகும் விதத்திலேயே வரும், பற்றவைப்பு வேண்டாம். இன்னொன்று, எல்லாக் கம்பியும் ஒரே இடத்தில் சேரும் பெரிய போர்டு. அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் 4 அப்படிப்பட்டது. அதில் 56 இணைப்புகள். அதன் தம்பியான ஐ-பேக் 2-இல் 32தான், நம் நாற்பதுக்கு அது பற்றாது. இந்த வகை தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் தனிக் கம்பி இருப்பதால் விசை மறையும் சிக்கல் வராது, மேலே சொன்ன 6 விசை வரம்பும் இதற்குக் கிடையாது.

எது நல்லது? எமுலேட்டர் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பெரிய போர்டு. காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கும் புதிய தொகுப்புகளை ஆடப்போகிறீர்கள் என்றால் கேம்பேடாகத் தெரியும் போர்டுகள், ஏனென்றால் அவை நாலு கேம்பேடுகளை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. விளையாட்டு உங்கள் போர்டை உடனே அடையாளம் காணவில்லை என்றால், கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் செயலியின் கன்ட்ரோலர் அமைப்பில் ஒருமுறை பட்டன்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கம்பி இணைப்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டனுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் அடியில் இருக்கும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்சிலும் பொது முனையும் சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையும்தான் நமக்கு. பெரிய போர்டு என்றால் எல்லாப் பொது முனைகளையும் ஒரே கிரவுண்டு கம்பியில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் அந்த சுவிட்சையோ அதன் கம்பியையோ பாருங்கள். வரிசையில் ஓர் இடத்துக்கு அப்புறம் எல்லாமே செத்திருந்தால் கிரவுண்டு அங்கே விட்டுப்போயிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் அடிமுனை வலப்பக்கம் போய் வலப்பக்க சுவிட்சைத்தான் அழுத்தும், மேல் கீழும் அப்படியே. பலகையைக் கவிழ்த்துப்போட்டு வேலை செய்யும்போது குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு கம்பியிலும் சின்னத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

யார் எத்தனையாவது ஆள்?

மேமில் நாலு பேருக்கும் விசைகள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. காசுக்கு 5, 6, 7, 8. ஸ்டார்ட்டுக்கு 1, 2, 3, 4. முதல் ஆளின் திசைகளுக்கு அம்பு விசைகள், இரண்டாம் ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி. மூன்றாம் ஆளுக்கு ஐ, கே, ஜே, எல். நாலாம் ஆளுக்கு வலப்பக்கத்து எண் விசைகள். கீபோர்டாகத் தெரியும் போர்டு இந்த விசைகளையே அனுப்பும்படி இருந்தால், செருகியவுடன் நாலு பேரும் தயார். எத்தனை முறை கணினியை அணைத்துப் போட்டாலும் நாலாவது ஆள் நாலாவது ஆளாகவே இருப்பார்.

நாலு ஜீரோ டிலே போர்டுகளில் இந்த நிம்மதி கிடைக்காது. நாலும் ஒரே பெயர், ஒரே அடையாளம். கணினி தொடங்கும்போது எதை முதலில் கண்டுகொள்கிறதோ அதுவே முதல் கேம்பேட். நேற்று இடப்பக்கம் நின்றவர் இன்று வலப்பக்கத்து ஜாய்ஸ்டிக்கால் நகர்வார். ஒரே யுஎஸ்பி ஹப்பில், ஒரே துளைகளில் எப்போதும் செருகி, பிறகு கழற்றாமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் வரிசை நிற்கும். அப்படியும் மாறினால், மேமின் கன்ட்ரோலர் கோப்பில் எந்தக் கருவி எத்தனையாவது ஜாய்ஸ்டிக் என்று எழுதிவைக்கலாம். பல எமுலேட்டர்களை ஒரே இடத்திலிருந்து ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருள் வழியாக ஆடுபவர்கள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எந்தக் கருவி என்பதை உள்ளீட்டு அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். கூடவே, அதில் அதிகபட்ச ஆட்டக்காரர்கள் எண்ணிக்கை 4-க்குக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் ரெட்ரோபை, பேட்டோசெரா போன்ற மென்பொருள் தொகுப்புகளைப் போட்டவர்களுக்கும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ரெட்ரோஆர்க்தான்.

மேமின் டேப் பட்டியலில் உள்ளீட்டுக்கு இரண்டு இடம் உண்டு: எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது ஒன்று, இந்த விளையாட்டுக்கு மட்டும் என்பது இன்னொன்று. பொதுவானதில் நாலு பேரையும் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் தேவைப்பட்ட விளையாட்டுக்கு மட்டும் தனியாக மாற்றுங்கள். ஒவ்வொரு விளையாட்டாகத் தனியாக அமைக்கத் தொடங்கினால் வேலைக்கு முடிவே இருக்காது.

விண்டோஸில் கீபோர்டு வகை போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மேமில் முதல் ஆளின் நாலாவது பட்டன் இடப்பக்க ஷிஃப்ட். அதை ஐந்து முறை வேகமாகத் தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் என்ற கீபோர்டு உதவி வசதி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு ஆட்டத்தின் நடுவில் வந்து நிற்கும். மூன்றாவது ஆளின் இரண்டாவது பட்டன் வலப்பக்க ஷிஃப்ட். அதை 8 விநாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற இன்னொரு வசதி வரும். இரண்டையும் விண்டோஸ் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் பலகை இல்லாமலே செய்து பார்க்கலாம். செய்தும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, இரண்டு மூன்று யுஎஸ்பி கேம்பேடும் ஒரு கீபோர்டுமாகச் செருகி, நாலு பேரை உட்காரவைத்து ஆடவிடுங்கள். எந்த விளையாட்டைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு பேர் பலகையே போதும், மூன்றாவது நாலாவது ஆள் வரும்போது கேம்பேட் செருகிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தாலும் அதில் குறை ஒன்றுமில்லை. சின்ன வீட்டுக்கு அதுவே சரியான ஏற்பாடு.

கடைசியில் பலகை

நாலு பேர் தோளோடு தோள் இடிக்காமல் நிற்க, பலகை ஏறத்தாழ நாலடி அகலம் வேண்டியிருக்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலைவாசல்கள் பல அதைவிடக் குறுகல். அதனால் பலகையைப் பெட்டியோடு சேர்த்து அறைந்துவிடாமல், போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். யுஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, பலகையைச் சாய்த்து உள்ளே கொண்டுபோய்விடலாம்.

யார் எங்கே நிற்பது? கடைகளில் இருந்த பெட்டிகளில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. வீட்டில் கட்டுபவர்கள் பலர் 3, 1, 2, 4 என்று வைப்பார்கள். இரண்டு பேர் மட்டும் ஆடும்போது அவர்கள் திரைக்கு நேரே நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக. அன்றாடம் இரண்டு பேர்தான் ஆடப்போகிறார்கள் என்பதால் எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஆனால் டர்டில்ஸ் போன்றவற்றில் திரையின் மேலே புள்ளிகள் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்றுதான் வரும். இடக்கோடியில் நிற்கும் குழந்தை தன் புள்ளியை மூன்றாவது இடத்தில் தேடித் தவிக்கும். இதற்கு மருந்து முன்பு சொன்ன தனி அமைப்பில் இருக்கிறது. பொது அமைப்பில் 3, 1, 2, 4 இருக்கட்டும். நாலு பேர் விளையாட்டுகளில் மட்டும் இடக்கோடி ஜாய்ஸ்டிக்கை முதல் ஆளாக மாற்றிவிடுங்கள். காசு, ஸ்டார்ட் பட்டன்களையும் கூடவே மாற்ற மறக்கக் கூடாது. பட்டன் நிறத்துக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. காண்ட்லெட்டின் நாலு பேருக்கும் அதே நிறங்கள்தான்.

இரு கோடிகளிலும் நிற்பவர்கள் திரையைப் பார்க்கக் கொஞ்சம் திரும்பி நிற்பார்கள். அதற்காக ஜாய்ஸ்டிக்கையும் சாய்த்துப் பொருத்தினால், மேலே தள்ளும்போது ஆள் குறுக்கே போவான். பட்டன் வரிசையைச் சாய்க்கலாம். ஜாய்ஸ்டிக் நாலும் திரைக்கு நேராகவே இருக்கட்டும். திரை வாங்கும்போதும் கோடியில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்காத ஐபிஎஸ் திரை நல்லது. நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்வார்கள், அகலப் பலகை பெட்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். அடிப்பக்கத்தை அகலமாக வைத்து, பின்புறத்தைச் சுவரோடு இரும்பு ஆங்கிளால் பிடித்துவிட்டால் பயமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆடாத முக்காலி ஒன்றும் வேண்டும்.

மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அறுக்கச் சுலபம், வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக் கரை வீடுகளில் சுவரே ஈரம் குடித்திருக்கும். அந்த ஈரத்தில் எம்டிஎஃப் ஊதிப்போகும், திருகாணி பிடிப்பு விட்டுவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள, நீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்குங்கள். அறுத்த விளிம்புகளையும் பட்டன் துளைகளின் உட்புறத்தையும் வார்னிஷ் பூசி அடைத்துவிடச் சொல்லுங்கள், ஈரம் புகுவதும் கறையான் நுழைவதும் அந்த வழியாகத்தான். பட்டன்களுக்கு 28 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா என்று பார்த்துவிட்டுத் துளையிடுங்கள், இரண்டு அளவிலும் பட்டன்கள் விற்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் உப்புக் காற்று கம்பி முனைகளைத் துருப்பிடிக்கவைக்கும். வருடத்துக்கு ஒருமுறை முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பட்டன்கள் திடீரென்று செத்துப்போகாது.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு மழையைவிடக் கரன்ட் போவதுதான் பெரிய எதிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போய், அடுத்த முறை பெட்டி திறக்காமலே போகலாம். சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்து, அணைக்கும்போது மெனுவழியாகவே அணைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நாலு பேரும் சரியாக ஆட முடிகிற நாளில் அந்த கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து, பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு உறையில் ஒட்டிவையுங்கள். தீபாவளியன்று எல்லோரும் கூடியிருக்கும்போது கார்டு போய்விட்டால், மாற்றிப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.